எது பொய் என்று சொல்ல ஐந்து பேர்

நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பற்றி முஸ்லிம் சமூகத்துக்குள் ஒரு வசதியான மௌனம் நிலவுகிறது. 2024 ஜனவரி 24ஆம் திகதி ஆதரவாக 108 வாக்குகளும் எதிராக 62 வாக்குகளும் பெற்றுப் பாராளுமன்றத்தில் நிறைவேறி, பெப்ரவரி 1ஆம் திகதி சபாநாயகர் கையொப்பமிட்ட, அந்த ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அது. சட்டமூலம் வர்த்தமானியில் வெளியான 2023 செப்டெம்பர் முதலே ஊடகவியலாளரும் சட்டத்தரணிகளும் அதனை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். உயர் நீதிமன்றத்துக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள் சென்றன. நம்மவர்களிற் பெரும்பாலானோர் அந்நாட்களில் வாய் திறக்கவில்லை. திறந்தவர்களில் ஒரு பகுதியினர் அதனை வரவேற்றனர்.

வரவேற்பவர்களின் வாதம் எளிமையானது. எமது பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறையில் அதை என்னிடம் முன்வைத்தவர், அக்குறணையில் சம்பந்தம் செய்துகொண்ட ஒரு மூத்த ஆசிரியர். "தம்பி, திகனய எரிச்சது பேஸ்புக்கு. அதுக்கு ஒரு மூக்கணாங்கயிறு போட்டா முதல்ல தப்புறது நாமதானே? நீங்க ஏன் குறுக்க நிக்கிறீங்க?" என்று கேட்டார். அவர் விபரமறியாதவர் அல்லர். எரிந்த கடைகளை நேரில் பார்த்து வந்தவர். அவருக்கும் அவரைப் போல நினைப்போருக்கும், பத்து நிமிட இடைவேளைக்குள் சொல்லி முடிக்கவியலாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் மலட்டு மாத்திரை கலக்கப்படுகிறது என்ற வதந்தி கைத்தொலைபேசிகளில் பரவி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த வாரம் தெல்தெனிய, திகன. அவ்வேளை பேஸ்புக் நிறுவனத்திடம் சிங்களப் பதிவுகளை வாசித்துப் பார்க்கப் போதிய ஆட்கள் இருக்கவில்லை. முறையிட்டவர்களுக்கு உருப்படியான பதிலும் கிடைக்கவில்லை. 2020 மே மாதத்தில் அந்நிறுவனமே, தனது தளம் அவ்வன்முறைக்குப் பயன்பட்டதை ஏற்று மன்னிப்புக் கோரியது. ஆகவே இணையம் பாவமறியாதது என்று வாதிட நான் வரவில்லை. கேள்வி வேறு: இணையத்தை மூடும் அதிகாரமும் எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் அரசின் கையில் இருந்தால் நாம் காப்பாற்றப்படுவோமா?

முதலில் மூடுவதைப் பார்ப்போம். திகன நகரம் எரிந்தது 2018 மார்ச் 5ஆம் திகதி. அவசரகால நிலை 6ஆம் திகதி. பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியன முடக்கப்பட்டது 7ஆம் திகதி. எரிந்து முடிந்த ஊருக்குப் பிறகு இணையத்துக்குப் பூட்டு. அந்தப் பூட்டு விழுந்த நாளிலேயே, ஊரடங்குச் சட்டமும் அவசரகால நிலையும் நடைமுறையில் இருக்கையிலேயே, அக்குறணைப் பகுதியில் தாக்குதல் நடந்தது. 2019 மே 13ஆம் திகதியும் அதே கதைதான். சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டிருந்தன. அன்று மாலை மினுவாங்கொடை எரிந்தது. குருநாகல் மாவட்டக் கிராமங்களில் பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன. கொட்டாரமுல்லையில் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். மோட்டார் சைக்கிள்களிலும் பஸ்களிலும் ஆள் சேர்த்து வந்தவர்களுக்கு வட்ஸ்அப் இல்லாதது ஒரு தடையாக இருக்கவில்லை.

தடையாக இருந்தது யாருக்கு? மூதூர், தோப்பூர், கிண்ணியா, புல்மோட்டை என்று எமது மாவட்டத்தின் எந்த முஸ்லிம் ஊரை எடுத்தாலும் தெருவுக்குத் தெரு மத்திய கிழக்கில் ஒரு மகன், ஒரு மகள். "உம்மா, ஊரில் பிரச்சினையா?" என்று கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் கேட்கத் தவித்த பிள்ளைகளுக்குத்தான் அந்தப் பூட்டு. ரிசானா நபீக்கைப் பெற்ற ஊர் மூதூர். அந்நிய நாட்டில் மொழி தெரியாமல் தனித்து நிற்கும் ஒரு பெண்ணுக்கு ஊரிலிருந்து வரும் ஒரு குரல் எவ்வளவு பெரியது என்பதை இந்த மண்ணுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

செய்தி வரும் வழியை அடைத்தால் வதந்தி நிற்கும் என்பது ஏட்டுச் சுரைக்காய். செய்தி இல்லாத இடமே வதந்தியின் விளைநிலம். 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் உடுத்த உடையுடன் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தபோது அதைக் கண்டவர்கள் நாங்கள். யார் உயிரோடு இருக்கிறார், யாரைப் பிடித்துச் சென்றார்கள், எந்த வீடு மிஞ்சியது என்பதெல்லாம் முகாமுக்கு முகாம் வாய்வழியாக வந்து, ஒவ்வொரு வாயிலும் வளர்ந்தது. உயிரோடிருந்தவர்களுக்கு ஜனாஸாத் தொழுகை பற்றிப் பேசிய குடும்பங்களும் உண்டு. அன்று எம்மிடம் பேஸ்புக் இருக்கவில்லை. வதந்திக்கு அது தேவைப்படவுமில்லை.

மூடினால் இன்னொன்றும் மறைகிறது. திகன வன்முறையின்போது பாதுகாப்புத் தரப்பினர் சிலரும் தாக்கினர் என்ற குற்றச்சாட்டு வெறும் புலம்பலாகக் கரைந்து போகாமல் உலகச் செய்தி நிறுவனங்கள்வரை சென்றதற்குக் காரணம், சீ.சீ.ரி.வி. காட்சிகளும் சாதாரண மக்கள் கைத்தொலைபேசியில் பிடித்த படங்களும்தான். அடித்தவனின் கையையும் அடிபட்டவனின் சாட்சியத்தையும் ஒரே கயிற்றால் கட்டுவதற்குப் பாதுகாப்பு என்று பெயரில்லை.

உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னர் 2019 ஏப்ரல் 21 முதல் 30ஆம் திகதிவரை சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அதையும் நியாயம் என்போர் உளர். ஆனால் அக்கொடுமை நடந்தது இணையத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லாத காரணத்தாலா? ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியப் புலனாய்விடமிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. ஸஹ்ரான் குறித்துக் காத்தான்குடி மக்கள் அதற்கு ஈராண்டுகள் முன்பிருந்தே முறையிட்டு வந்தனர். அறிந்தும் செயற்படாதிருந்தமைக்காகவே 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதிக்கு 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த உத்தரவிட்டது. கையிலிருந்த தகவலைப் பயன்படுத்தாத அரசு, குடிமக்களின் கையிலிருந்த தகவலைப் பறித்தது. நடந்தது அவ்வளவே.

அடுத்ததாக, பொய்யைத் தண்டிக்கும் அதிகாரம். அந்த 2019ஆம் ஆண்டின் மிகப் பெரிய பொய் எங்கே வெளியானது என்று நினைவிருக்கிறதா? மே 23ஆம் திகதி 'திவயின' நாளிதழின் முதற்பக்கத்தில். ஒரு முஸ்லிம் வைத்தியர் நான்காயிரம் சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்தார் என்ற செய்தி அது. மறுநாள் குருநாகல் வைத்தியர் ஷாபி ஷிஹாப்தீன் கைது செய்யப்பட்டார். பின்னர் சுகாதார அமைச்சே அவரை மீண்டும் பணியிலமர்த்தி, 2022இல் நிலுவைச் சம்பளத்தையும் வழங்கியது. அந்தப் பணத்தை அவர் மருந்து வாங்க நன்கொடையாகக் கொடுத்தார். எனின், சிறை சென்றவர் யார்? பொய் சொல்லப்பட்டவர். பொய்யை அச்சிட்ட முதற்பக்கத்துக்கு எந்தப் பூட்டும் விழவில்லை.

"அதனால்தானே சட்டம் வேண்டும் என்கிறோம்" என்று நண்பர்கள் சொல்லக்கூடும். சட்டம் ஏற்கெனவே இருந்தது. இன, மத வெறுப்பைத் தூண்டிப் பாகுபாட்டுக்கும் வன்முறைக்கும் வழிகோலுவது குற்றம் என்று 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் மீதான சர்வதேச சமவாயச் சட்டம் சொல்கிறது. சிறுபான்மையினருக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் காகிதத்தில் கிடையாது. அது யார் மீது பாய்ந்தது?

2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் அச்சட்டத்தின் கீழ் கைதானார். அவரது உடையில் தர்மச் சக்கரம் அச்சிடப்பட்டிருந்ததாம். உண்மையில் அது கப்பலின் சுக்கான் சக்கரம். எமது துறைமுக மாவட்டத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் காட்டினாலும் இது கப்பற் சக்கரம் என்று சொல்லும். பொலிஸுக்குத் தெரியவில்லை. அப்பெண் இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தடுத்து வைக்கப்பட்டார். அச்சட்டத்தின் கீழ் பிணை வழங்க நீதவானுக்கு அதிகாரமில்லை. மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும்.

2020 ஏப்ரல் 9ஆம் திகதி ரம்ஸி ராஸிக் கைதானார். ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர். இனவாதத்துக்கு எதிராகச் சிங்களத்தில் எழுதி வந்தவர். எழுதுகோலையும் விசைப்பலகையையும் ஆயுதமாகக் கொண்டு சிந்தனைப் போராட்டம் நடத்த வேண்டும் என்ற பொருளில் அவர் முகநூலில் எழுதினார். அதில் 'ஜிஹாத்' என்ற சொல் இருந்தது. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. ஐந்து மாதங்களுக்கும் மேல் சிறையில் கிடந்து செப்டெம்பரில் பிணையில் வந்தார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்டஈடு வழங்க உத்தரவிட்டது 2023 நவம்பரில். சிறை 2020இல், நீதி 2023இல். அதே 2020 மே மாதத்தில் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி, 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுதிக்காக ஒன்றரை வருடங்களுக்கு மேல் அடைக்கப்பட்டிருந்து, 2023 டிசம்பரில் விடுதலையானதையும் இந்த இதழின் வாசகர்களுக்கு நான் ஞாபகமூட்ட வேண்டியதில்லை. வெறுப்பைத் தடுக்கப் பிறந்த சட்டங்கள் வெறுப்புக்கு இலக்கானவர்கள் மீதே திரும்பிய வரலாறு இது. இத்தனைக்கும் பிறகு, இன்னும் ஒரு சட்டம், இன்னும் ஓர் ஆணைக்குழு என்றால் அகமகிழ நமக்கு எப்படி மனம் வருகிறது?

நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் மையம் இதுதான்: ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழு, இணையத்தில் வந்த ஒரு கூற்றைத் தடைசெய்யப்பட்ட கூற்று என்று கருதினால் அதனை நீக்குமாறு அறிவித்தல் அனுப்பலாம். அவகாசம் 24 மணித்தியாலம். குற்றம் காணப்பட்டால் ஐந்து வருடங்கள்வரை சிறை விதிக்கக்கூடிய பிரிவுகளும் உண்டு. தேசிய பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம், பொது ஒழுங்கு என்பனவற்றுக்கு அச்சுறுத்தலான பொய்க்கூற்று குற்றம்.

பொதுச் சுகாதாரம் என்ற சொல்லில் சற்று நிற்போம். 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி, கொரோனாவால் இறந்தவர்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. புதைத்தால் நிலத்தடி நீர் மாசடையும் என்பதே அரசு சார்பில் சொல்லப்பட்ட காரணம். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. அப்பொழுது அரசின் கூற்று உண்மையென்றும் நமது கூற்று பொதுச் சுகாதாரத்துக்குப் பாதகமான பொய்யென்றும் ஆக எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? அந்த ஏப்ரல் 1ஆம் திகதியே, அதிகாரிகளை விமர்சிப்போரைக் கைது செய்வோம் என்று பொலிஸ் அறிவித்திருந்தது. இருபது நாட்களேயான பச்சிளம் குழந்தையும் எரிக்கப்பட்டது. உண்மை அல்லாஹ்வுக்கும் விஞ்ஞானிகளுக்கும் தெரிந்திருந்தது. வர்த்தமானிக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை. 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி வந்து, ஓட்டமாவடியில் கப்ருகள் தோண்டப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. ஆணைக்குழு அன்று இருந்திருந்தால், மன்னிப்புக்குரியது என்று அரசே பின்னர் ஒப்புக்கொண்ட கொள்கையை எதிர்த்து எழுதியவர்கள் முதலில் அறிவித்தல் பெற்றிருப்பார்கள்.

இது முஸ்லிம்களின் துயரம் மட்டும் என்று எண்ண வேண்டாம். எமது திருகோணமலைக் கடற்கரையில் 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டு வந்த கைக்குண்டு வெடித்து இறந்தனர் என்பதே முதலில் வந்த இராணுவத் தரப்புச் செய்தி. ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் அவர்களது உடலில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. படங்கள் 'சுடர் ஒளி'யில் வெளியாகின. அதே மாதம் 24ஆம் திகதி, நகரத்தில், அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று எது பொய் என்று தீர்மானிக்கும் அலுவலகம் ஒன்று கொழும்பில் இருந்திருந்தால், பொய் என்று முத்திரை குத்தப்பட்டிருப்பது கைக்குண்டுக் கதையா, அந்தப் படங்களா? 2007 ஜூனில் தமிழ்நெற் தளம் இந்நாட்டில் முடக்கப்பட்டபோது, அது தமிழரின் பிரச்சினை என்று கடந்துபோயிற்று. பதினொரு வருடங்களுக்குள் அதே ஆளி எல்லோருடைய கைத்தொலைபேசிக்கும் நீண்டது.

சட்டத்தை ஆதரிப்போருக்கு நியாயமான இரு பதில்கள் உண்டு. ஆணைக்குழு உறுப்பினரை அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடனேயே ஜனாதிபதி நியமிக்கலாம் என்பது ஒன்று. பொய் என்று தெரிந்தே ஏமாற்றும் நோக்குடன் சொன்னாற்றான் குற்றம் என்பது மற்றது. இரண்டும் மூலத்தைவிட நல்லவையே. ஆயினும், நோக்கம் என்னவென்று நீதிமன்றம் ஆராய்வதற்கு வருடங்கள் ஆகும். அறிவித்தலுக்கோ 24 மணித்தியாலம். ஒரு நாளுக்குள் தன் நோக்கத்தை நிரூபிக்கச் சட்டத்தரணியை அமர்த்த, தோப்பூரில் கடை வைத்திருப்பவரால் இயலுமா? அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: அழித்துவிட்டு, இனி எழுதுவதில்லை என்று முடிவெடுப்பது. அந்த முடிவுக்கு எந்த நீதிமன்றமும் நட்டஈடு தராது.

அதிகாரம் சத்தியத்தைத் தீர்மானிக்க முயன்ற கதை நமது சரித்திரத்தில் புதிதல்ல. கி.பி. 833இல் அப்பாஸியக் கலீபா அல்-மஃமூன், குர்ஆன் பற்றிய தமது கொள்கையை அறிஞர்கள் யாவரும் ஏற்க வேண்டும் என்று விசாரணை தொடங்கினார். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் மறுத்தார். சிறையும், அடுத்த கலீபாவின் காலத்தில் கசையடியும் பெற்றார். கசையடி கொடுத்தவர்களின் கொள்கை இன்று எங்கே, இமாமின் பெயர் எங்கே? ஹதீஸ்களிற் பொய் கலந்தபோது நமது முன்னோர் கலீபாவிடம் போய் ஓர் ஆணைக்குழு கேட்கவில்லை. சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், அவர் நம்பத்தக்கவரா என்று அறிவிப்பாளர் வரிசையை அலசும் ஒரு கலையையே உருவாக்கினார்கள். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளை விசுவாசிகளை நோக்கியது.

எனின், எந்த ஒழுங்குமுறையும் வேண்டாமா? வேண்டும். எல்லை கட்டிய ஒழுங்குமுறை வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றம் 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை இரத்துச் செய்தபோது மூன்று படிகளைப் பிரித்துக் காட்டியது: ஒன்றைப் பற்றிப் பேசுவது, அதற்காக வாதாடுவது, வன்செயலுக்குத் தூண்டுவது. மூன்றாவதே அரசின் கைக்கு உரியது. காஷ்மீரில் 2019 ஓகஸ்டில் இணையம் துண்டிக்கப்பட்டபோது, அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரியில் அதே நீதிமன்றம், காலவரையின்றித் துண்டிக்கலாகாது, உத்தரவுகளைப் பகிரங்கப்படுத்த வேண்டும் என்றது. அதன் பின்னும் அங்கே அதிவேக இணையம் முழுமையாகத் திரும்ப 2021 பெப்ரவரி ஆயிற்று. நல்ல தீர்ப்பு மட்டும் போதாது, அதைக் கேட்டு நிற்கும் சமூகமும் வேண்டும் என்பதற்கு அது சாட்சி.

நாம் கேட்க வேண்டியவை சிக்கலானவை அல்ல. வன்முறைக்குத் தூண்டுவோர் மீது, காவியா தொப்பியா என்று பாராது, இருக்கும் சட்டம் பாயட்டும். ஒரு கூற்று பொய்யென்று தீர்மானிப்பது, இரு தரப்பையும் கேட்ட பின்னர், நீதிமன்றத்தின் வேலையாக மட்டும் இருக்கட்டும். இணையத்தையோ ஒரு தளத்தையோ முடக்கும் உத்தரவு எழுத்தில், மூன்று மொழிகளிலும், காரணத்துடனும் முடிவுத் திகதியுடனும் வெளியிடப்படட்டும். 48 மணித்தியாலத்துக்குள் அது நீதிபதி முன் போகட்டும். இங்கே இலாபம் பார்க்கும் நிறுவனங்கள் சிங்களமும் தமிழும் வாசிக்கத் தெரிந்த போதிய ஆட்களை வைத்து, முறைப்பாட்டுக்கு என்ன செய்தோம் என்று கணக்குக் காட்டட்டும். திகனக்கு முன்பு உண்மையில் தேவைப்பட்டது இந்தக் கடைசிக் காரியம்தான்.

இவ்வெல்லைகள் இல்லாத அதிகாரம் எதற்குப் பயன்படும் என்பதை 2022 ஏப்ரல் 3ஆம் திகதி நாடே பார்த்தது. எரிவாயுவும் பெற்றோலும் மின்சாரமும் கேட்டு மக்கள் தெருவுக்கு இறங்கப்போகிறார்கள் என்றதும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. பாதுகாப்பு அமைச்சின் கோரிக்கை என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கூறியது. அன்று எந்த இனக்கலவரமும் இல்லை. பாதுகாக்கப்பட்டது ஆட்சி. வீ.பி.என். இருக்கையில் இத்தடை பயனற்றது என்று அந்த அரசின் அமைச்சர் நாமல் ராஜபக்ஷவே, அதே வழியால் வந்து எழுதினார். அன்றிரவுக்கு முன்னரே தடை நீங்கிற்று. அமைச்சருக்கு வழி தெரியும். எங்கள் ஊர்த் தாய்மாருக்குத் தெரியாது.

நமது வீட்டையும் சற்றுப் பார்த்துக்கொள்வோம். 2018 ஏப்ரலில் திருகோணமலைப் பெண்கள் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா குறித்துப் பிரச்சினை எழுந்தபோது, தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழியில், ஒரே எழுத்தில் முகநூலில் ஒருவரையொருவர் ஏசியதை நாம் வாசித்தோம். அவ்வசைகளை எந்த ஆணைக்குழு அழித்தாலும் மனதில் இருந்தது அழியாது. ஆசிரியைகளின் முறைப்பாடு மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போனது. ஏசுவதைவிட மெதுவானது அவ்வழி. ஆயினும் இரு தரப்பும் தன் நியாயத்தைச் சொல்லக்கூடிய வழி அதுதான். நமது ஊர் வட்ஸ்அப் குழுக்களிலும் பள்ளிவாசல் அறிவித்தலுக்கு இணையாகப் பொய்கள் வலம் வருகின்றன. அதைத் திருத்துவது ஆசிரியரின் வேலை, கதீபின் வேலை, எழுத்தாளரின் வேலை. அதனைப் பொலிஸாரிடம் ஒப்படைப்பது நமது கடமையைக் கைகழுவுவதாகும்.

2024இல் ஜனாதிபதியும் மாறினார், பாராளுமன்றமும் மாறியது. சட்டத்தைத் திருத்துவதாகப் புதிய ஆட்சியினர் கூறினர். திருத்தம் எந்த வடிவில் வந்தாலும், அதை எழுதும் மேசைக்கு முஸ்லிம்களின் கருத்தாக ஓரிரு அரசியல்வாதிகளின் புன்னகை மட்டும் போகக்கூடாது. பள்ளிவாசல் சம்மேளனங்களும் ஆசிரியர் சங்கங்களும் இலக்கிய அமைப்புகளும் மேலே சொன்ன எல்லைகளை எழுத்தில் கேட்க வேண்டும். தமிழ் அமைப்புகளுடனும், 2023இல் மனுக்களோடு நீதிமன்றம் சென்ற சிங்கள ஊடகவியலாளருடனும் சேர்ந்து கேட்க வேண்டும். நல்ல அரசு இருக்கும்போதே கேட்க வேண்டும் என்பது இதன் சூட்சுமம். ஏனென்றால் இன்று கொடுக்கப்படும் ஆளி, நாளை யார் கையில் இருக்கும் என்று நமக்குத் தெரியாது. நேற்று யார் கையில் இருந்தது என்பது தெரியும்.